விடியலுக்கு முன் ஒரு வண்டி

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் இருப்புப் பாதைகளின் நீளத்தையும், பாலங்களின் எண்ணிக்கையையும், எஞ்சின்களின் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். இவை யாவும் அறிய வேண்டியவையே. ஆயினும் கிராமத்தில் வாழ்வோர்க்கு வேறொரு கணக்கு உண்டு. பொழுது விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியவர் எதில் ஏறிப் புறப்பட்டார்? அந்த வண்டி தவறாமல் வரும் என்று அவருக்கு யார் உறுதி கூறினார்கள்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடுவதே அக்கணக்கு.

தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களுக்குச் சென்று வாழும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. சர்க்கரை ஆலையிலும், அணைக்கட்டிலும், வங்கிக் கிளையிலும், பள்ளிக்கூடத்திலும் பணியாற்றுவோர் பலர் பெருநகரங்களிலிருந்து வெகுதூரத்தில் குடியிருக்கின்றனர். ஊருக்குப் போக வேண்டிய ரயில் ஜங்ஷனுக்குக் காலை 5 மணிக்கு வருகிறது. ஜங்ஷனோ 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ரயிலில் இடம் பதிவு செய்தாயிற்று. அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் போவதற்கு யாதொரு கவலையும் இல்லை. கவலை முழுவதும் அந்த முதல் 30 கிலோமீட்டரைப் பற்றியதே. இக்கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டில் அது எவ்வெவ்வாறு தீர்க்கப்பட்டு வந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பழங்காலத்தில் நெடுவழிப் பிரயாணத்துக்கு விடியற்காலமே உரிய காலமாக இருந்தது. வெயில் ஏறுமுன் ஒரு காதமேனும் நடந்துவிட வேண்டும். ஆனால் இருட்டில் தனியே நடப்பது ஆபத்து. இந்த இரண்டுக்கும் இடையே ஓர் ஏற்பாடாக அமைந்தவையே வழிப்போக்கர் விடுதிகள். 1540 முதல் 1545 வரை தில்லியை ஆண்ட ஷேர்ஷா பெருவழிகளில் ஏறக்குறைய இரண்டு குரோச தூரத்துக்கு ஒன்றாகச் சராய்களைக் கட்டுவித்தார் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவருக்குப் பின் முகலாயர் ஆட்சியிலும் சராய்கள் பெருகின.

இச்சராய்களில் காலைப் புறப்பாடு எப்படி நடந்தது என்பதை மனூச்சி என்ற வெனிஸ் நகரத்தார் எழுதி வைத்திருக்கிறார். இவர் 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, முகலாயர் நாட்டில் பல காலம் வாழ்ந்து, முதுமையில் சென்னையில் குடியேறியவர். பொழுது சாய்ந்ததும் சராயின் கதவு அடைக்கப்படும். காலையில் கதவைத் திறக்குமுன் காவலன் உரத்த குரலில் மும்முறை எச்சரிப்பான். அவரவர் தத்தம் பொருளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எவருடைய பொருளேனும் காணவில்லை என்றால், அது கிடைக்கும் வரையில் கதவு திறக்கப்படாது. ஆகவே விடியற்காலப் புறப்பாடு என்பது தனி மனிதனின் செயலாக இருக்கவில்லை. முதல் நாள் மாலையே வந்து உள்ளே தங்கியவர்கள் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டனர். காலையில் போக வேண்டியவன் இரவில் எங்கே உறங்கினான் என்பதே அவனுடைய பிரயாணத்தைத் தீர்மானித்தது. இந்தச் செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் நூற்றாண்டுகளிலும் இதுவே திரும்பத் திரும்பத் தோன்றக் காண்போம்.

கும்பினியார் ஆட்சியில் வசதி படைத்தோர்க்கு வேறொரு வழி ஏற்பட்டது. தபால் பல்லக்கு என்பது அதன் பெயர். பிரயாணி சில நாட்களுக்கு முன்பே போஸ்ட் மாஸ்டருக்கு எழுதிப் பணம் கட்டிவிட வேண்டும். வழி நெடுக ஒவ்வொரு கட்டத்திலும் மாற்று ஆட்கள் குறித்த வேளையில் காத்திருக்குமாறு அவர் ஏற்பாடு செய்வார். வழக்கமாக ஒரு பல்லக்குக்கு எட்டுப் போகிகளும், தீவட்டி பிடிப்போர் இருவரும், மூட்டை சுமப்போர் இருவரும் அமர்த்தப்படுவர். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவிலேயே பயணம் நடந்தது. பிரயாணி வந்து சேரத் தாமதித்தால் அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டு. உள்ளே துரை உறங்க, வெளியே நள்ளிரவில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லையில் பன்னிருவர் விழித்துக் காத்திருப்பார்கள். உறுதியான வண்டி வேண்டுமானால் அதற்காக யாரேனும் விழித்திருக்க வேண்டும் என்பதும், அவ்விழிப்புக்கு ஒரு விலை உண்டு என்பதும் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

சாமானிய மக்களுக்குப் பல்லக்கும் இல்லை, கட்டணமும் இல்லை. அவர்கள் நடந்தனர், அல்லது மாட்டு வண்டியில் சென்றனர். நிமிஷக் கணக்கு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. நாளை அறுபது நாழிகையாகவும், நாழிகையை 24 நிமிஷமாகவும் கொண்ட நம் முன்னோர், விடிவெள்ளி முளைப்பதையும் கோழி கூவுவதையும் கொண்டே புறப்பட்டுவிடுவர். சந்தைக்கு அரை நாழிகை முன்பின்னாகப் போனாலும் சந்தை ஓடிவிடாது.

ஓடிவிடும் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து சேர்ந்தது. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. 1854-இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கும், 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டிகள் விடப்பட்டன. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நாடெங்கும் இருப்புப் பாதை பரவிவிட்டது. இதனால் நேர்ந்த நன்மைகளை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் கிராமத்தானுக்கு இதனால் ஒரு புதிய சிக்கலும் நேர்ந்தது. நாழிகையில் வாழ்ந்தவன் நிமிஷத்தில் ஓடும் வண்டியைப் பிடிக்க வேண்டியவனானான்.

அந்த நிமிஷமுங்கூட யாருடைய நிமிஷம் என்பதில் குழப்பம் இருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு பெருநகரமும் தன் தன் வானத்துச் சூரியனைக் கொண்டு நேரம் வகுத்துக்கொண்டது. ரயில்வேக்களுக்கோ ஒரே நேரம் தேவைப்பட்டது. கிழக்குக்கும் மேற்கிற்கும் ஏறத்தாழ நடுவே இருந்தமையாலும், 1792-இல் அமைந்த வான ஆராய்ச்சி நிலையம் இருந்தமையாலும் சென்னை நேரமே ரயில்வேயின் நேரமாகக் கொள்ளப்பட்டது. வடநாட்டு ரயில் நிலையங்களின் கடிகாரங்களும் சென்னை நேரத்தைக் காட்டின என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. சென்னையில் 5 மணி அடிக்கும்போது கல்கத்தாவின் ஊர்க் கடிகாரம் 5 மணி 32 நிமிஷம் ஆகிவிட்டது என்னும். பம்பாயின் ஊர்க் கடிகாரமோ இன்னும் நாலரை மணிதான் என்னும். ஆகவே கல்கத்தா நேரப்படி நடப்பவன் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தான். பம்பாய் நேரத்தை நம்பியவன் அரை மணி தாமதித்து வண்டியைத் தவறவிட்டான். 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்திய நேரம் என்ற பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தன.

கடிகாரமே இல்லாத கிராமத்தில் வாழ்ந்தவன் இதற்கெல்லாம் என்ன செய்தான்? அவன் கண்ட உபாயம் எளியது. முதல் நாள் மாலையே ஸ்டேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைல், மிஞ்சினால் மூன்று மைல் போகும். பன்னிரண்டு மைல் தூரத்திலுள்ள ஸ்டேஷனில் விடியற்காலை 4 மணி ரயிலைப் பிடிப்பதற்கு முன்னிரவிலேயே வண்டி பூட்ட வேண்டும். அச்சுக்குக் கீழே ஒரு லாந்தர் தொங்கும். வழி தெரிந்த மாடுகள் மணி ஒலிக்க நடக்கும். வண்டிக்காரன் முன்னே சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருப்பான். நள்ளிரவில் நடப்பதைவிடப் பொழுதோடு புறப்பட்டு, இருட்டுமுன் ஸ்டேஷனை அடைந்து, கட்டுச்சோற்றை உண்டு, மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் கொட்டகையில் துண்டை விரித்துப் படுப்பது எளிதாக இருந்தது.

இக்காட்சியைப் பல மேல்நாட்டு எழுத்தாளர்கள் கண்டிருக்கின்றனர். 1901-இல் வெளிவந்த கிம் என்ற நாவலில் ருட்யார்டு கிப்ளிங், லாகூர் ஸ்டேஷனில் இரவே சீட்டு வாங்கிவிட்டு முக்காடிட்டுத் துயிலும் மக்களை வருணிக்கிறார். கீழ்நாட்டார் நேரத்தைப் பொருட்படுத்தாதவர்கள் என்பது இதற்கு அவர் கண்ட விளக்கம். நாம் இவ்விளக்கத்தை ஏற்பதற்கில்லை. நேரத்தின் அருமையை அவர்கள் அறியாதவர்களாயின் இரவு முழுவதும் கல் தரையில் கிடந்திருக்க மாட்டார்கள். வண்டியைத் தவறவிட்டால் மறு வண்டி மறுநாள்தான். கையிலிருந்த கட்டுச்சோறு ஒரு நாளைக்குத்தான். தம்மை அந்நேரத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வாகனம் வேறு எதுவும் இல்லாமையால், தம் உறக்கத்தையே விலையாகக் கொடுத்து அந்த நேரத்தை அவர்கள் வாங்கினார்கள்.

தர்ம சிந்தனையுள்ளோர் இதை உணர்ந்திருந்தனர். வட நாட்டு ரயில் நிலையங்களின் அருகே தரும சாலைகள் எழுந்தன. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் கட்டப்பட்டது. நம் குடும்பங்களின் வழக்கமும் புதிய நிலைமைக்கு இசைந்தது. நல்ல நேரம் ஒன்றாகவும் வண்டி நேரம் வேறாகவும் இருக்கும்போது, நல்ல நேரத்தில் ஒரு மூட்டையையேனும் அடுத்த வீட்டில் கொண்டு வைத்துவிட்டு, பிறகு வண்டி நேரத்துக்குப் புறப்படுவது உண்டு. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். வட நாட்டிலும் இவ்வழக்கம் இருக்கிறது. பஞ்சாங்கத்துக்கும் ரயில்வே அட்டவணைக்கும் இடையே நம் பாட்டிமார் செய்துவைத்த சமாதானம் என்று இதனைக் கூறலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் பஸ் வந்தது. மணிக்கு இரண்டு மைல் போனவர்களுக்கு இருபது மைல் போகும் வாகனம் கிடைத்தது. இனி விடியற்காலைத் தொல்லை தீர்ந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அவ்வாறு நேரவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, பஸ்ஸுக்கு அட்டவணை இருக்கவில்லை. ஆட்கள் நிறைந்தால் வண்டி புறப்படும்; நிறையாவிட்டால் கடைத்தெருவை மீண்டும் மீண்டும் சுற்றிவரும். 1914-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைப் பதிவு செய்வதையும் ஓட்டுவோருக்கு லைசென்ஸ் அளிப்பதையுமே பெரிதும் கருதிற்று. எந்த வண்டி எந்த வழியில் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தைப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு முழுமையாக அளித்தது 1939-ஆம் ஆண்டுச் சட்டமே. அச்சட்டம் வந்ததும் போரும் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பைப் பொருத்தி, அந்த வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். காலை வண்டி புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே எழுந்து கரி மூட்டி, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். சமையலறை அடுப்பைப் போல் பஸ்ஸுக்கும் ஓர் அடுப்பு மூட்ட வேண்டியிருந்த காலம் அது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பஸ் இரவில் உறங்கும் இடம் நகரமாகவே இருந்தது. முதலாளியின் வீடும், பழுது பார்க்கும் பட்டறையும், எண்ணெய்க் கடையும் நகரத்தில் இருந்தன. ஆதலால் காலையில் முதல் வண்டி நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போகும். அது கிராமத்தை அடைந்து திரும்புவதற்குள் பொழுது நன்றாக ஏறிவிடும். நகரத்தான் காலையில் கிராமத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம். கிராமத்தான் அவ்வாறு நகரத்துக்குப் போய்வர இயலாது. பாதை ஒன்றே, வண்டி ஒன்றே, கட்டணமும் ஒன்றே. ஆயினும் வண்டி எந்த முனையில் உறங்குகிறது என்பதைப் பொறுத்துக் காலை நேரம் ஒருவருக்குச் சொந்தமாகவும் மற்றொருவருக்கு எட்டாததாகவும் ஆகிவிடுகிறது.

சாலை அமைப்போர் தூரத்தை மட்டுமே அளந்தனர். 1927-இல் ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் யோசனைப்படி மத்தியச் சாலை நிதி ஏற்பட்டது. 1943-இல் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். நன்கு சாகுபடியாகும் பிரதேசத்தில் எந்தக் கிராமமும் பெருஞ்சாலையிலிருந்து 5 மைலுக்கு அப்பால் இருத்தலாகாது என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. பாராட்டத்தக்க குறிக்கோளே. ஆனால் பகல் 12 மணிக்கு 5 மைல் என்பது வேறு. தலையில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாகக் காலை 4 மணிக்கு 5 மைல் என்பது வேறு.

இந்நிலையில்தான் அரசாங்கப் போக்குவரத்து வந்தது. நிஜாம் ராஜ்யத்தில் 1932-இல் ரயில்வேயின் ஓர் அங்கமாக 27 பஸ்களுடன் அது தொடங்கிற்று. திருவிதாங்கூரில் 1938-இல் அரசாங்க பஸ் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் மைசூரிலும் அசாமிலும் இத்துறை ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள் பம்பாய் மாகாணத்தின் முதல் அரசாங்க பஸ் புனேயிலிருந்து, இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகருக்குச் சென்றது. 1950-இல் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம் நிறைவேறிற்று. மாநிலந்தோறும் கழகங்கள் தோன்றலாயின.

இக்கழகங்கள் தம் டிப்போக்களிலிருந்து கிராமங்களுக்கு விட்ட வண்டிகளுள் ஒரு வகை நம் கவனத்துக்குரியது. மாலையில் நகரத்திலிருந்து புறப்பட்டு, இரவு 8 அல்லது 9 மணிக்குக் கடைசிக் கிராமத்தை அடைந்து, அங்கேயே இரவைக் கழித்து, மறுநாள் விடியற்காலையில் நகரத்துக்குத் திரும்பும் வண்டி அது. மராத்தியர் இதனை முக்காம் வண்டி என்பர். கன்னட நாட்டின் வடபகுதியில் வஸ்தி பஸ் என்பர். கேரளத்தில் ஸ்டே பஸ் என்றும், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் நைட் ஹால்ட் பஸ் என்றும் கூறுவர். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. இதுகாறும் மனிதன் வண்டி இருக்கும் இடத்துக்குப் போய் இரவில் படுத்துக் கிடந்தான். இப்பொழுது வண்டி மனிதன் இருக்கும் இடத்துக்கு வந்து இரவில் தங்கியது. சராயிலும் ஸ்டேஷனிலும் பிரயாணி கொடுத்துவந்த உறக்கத்தைக் கழகம் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம் என்பது நமது கருத்து.

இதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதை அந்த முதல் வண்டியில் ஏறுவோரைப் பார்த்தே அறியலாம். தாலுகாத் தலைநகரின் கல்லூரிக்குச் செல்லும் மாணவ மாணவியர் அதில் இருப்பார்கள். காய்கறிக் கூடையுடன் சந்தைக்குச் செல்லும் உழவர் இருப்பர். ஜில்லா ஆஸ்பத்திரியில் காலையில் சீட்டுக் கொடுக்கும்போதே வரிசையில் நிற்க வேண்டிய நோயாளி இருப்பார். வழக்குக்காகக் கோர்ட்டுக்குச் செல்வோரும், ஜங்ஷனில் ரயிலேற வேண்டியோரும் இருப்பர். இவர்களுள் மாணவியின் நிலைமையைத் தனியே எடுத்துக் கூற வேண்டும். மகளை நகரத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கப் பல குடும்பங்களுக்குப் பண வசதியும் இல்லை, மனமும் இல்லை. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வண்டி இருந்தால் அவள் படிப்பாள்; இல்லாவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு அவள் படிப்பு முடிந்துவிடும். ஒரு வண்டியின் இரவுத் தங்கல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை இவ்வாறு நிர்ணயிக்கிறது.

மனிதர்க்கு முன்னரே பாலுக்கு இவ்வசதி சில இடங்களில் கிடைத்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். குஜராத்தின் கேடா ஜில்லாவில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946 டிசம்பரில் பதிவாயிற்று. 1948 முதல் பம்பாய்ப் பால் திட்டத்துக்குப் பால் அனுப்பிற்று. காலையிலும் மாலையிலும் குறித்த வேளையில் கிராமத்திலிருந்து பால் எடுக்கப்பட்டாக வேண்டும். தாமதித்தால் திரிந்து போகும். நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதால் பாலுக்காக லாரி தவறாமல் வந்தது. மாணவி கல்லூரிக்குத் தாமதித்துப் போவதாலும், நோயாளி வைத்தியரைக் காணாது திரும்புவதாலும் நேரும் நஷ்டம் அவ்வளவு விரைவில் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

இரவு தங்கும் வண்டியின் புகழை மட்டும் பேசி முடிப்பது நியாயமாகாது. கிராமத்தில் தங்கும் டிரைவரும் கண்டக்டரும் அதற்காகப் படும் பாட்டையும் பேச வேண்டும். பல ஊர்களில் அவர்களுக்கென ஓர் அறை கிடையாது. கோயில் மண்டபத்திலோ, பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ, வண்டிக்குள் இருக்கைகளின் மீதோ படுத்துக்கொள்வார்கள். கண்டக்டர் வசூல் பணப்பையைத் தலைக்கு அணையாக வைத்துக்கொள்வதும் உண்டு. மழைக்காலத்தில் கொசுவும், மார்கழியில் குளிரும் அவர்களை உறங்கவிடா. நல்ல ஊராயின் யாரேனும் ஒருவர் வீட்டிலிருந்து இரவில் ரொட்டியும், காலையில் தேநீரும் வரும். கழிப்பிடம் இல்லாத ஊரில் தங்குவது ஆண்களுக்கே துன்பம். பெண்களும் கண்டக்டர்களாகப் பணிபுரியும் இந்நாளில் அது இயலாத காரியம். அரைகுறையாக உறங்கி எழுந்த டிரைவர் ஐம்பது அறுபது உயிர்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலும் பனியிலும் வண்டி ஓட்டுகிறார் என்பதைப் பிரயாணிகளாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழகங்களின் கணக்குப் புத்தகத்திலும் இவ்வண்டிக்கு நல்ல பெயர் இல்லை. இரவில் போகும் நடைக்குக் கூட்டம் குறைவு. விடியற்காலை நடையில் மாணவர்களின் சலுகைச் சீட்டே மிகுதி. ஆகவே நஷ்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவ்வண்டிக்கு ஆபத்து நேருகிறது. கடைசி வண்டி ஒன்று நின்றால் இரவு வசதி ஒன்றுதான் போயிற்று என்று டிப்போவில் நினைப்பர். உண்மையில் மறுநாளின் முதல் வண்டியும் அதனுடனேயே போய்விடுகிறது. 2020-இல் கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் பஸ்கள் நின்றபோதும், 2021-இன் இறுதியில் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் வரை நீடித்த வேலைநிறுத்தத்தால் மகாராஷ்டிரத்தின் அரசாங்க பஸ்கள் முடங்கியபோதும் கிராமங்கள் இதனை நன்கு உணர்ந்தன. அவ்வேளையில் கைகொடுத்தவை பங்கு ஜீப்புகள். மேற்கு மகாராஷ்டிரத்தில் வடாப் என்றும், வேறு பகுதிகளில் வேறு பெயர்களாலும் இவை வழங்குகின்றன. ஆபத்துக்கு உதவும் வண்டிகளே. எனினும் ஆள் நிறைந்தால்தான் இவை புறப்படும். 1920-களின் பஸ் மறு வேஷத்தில் வந்தது போன்றதே இது.

வேறு வழிகள் தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியுள்ளன. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் பல்லாயிரம் ஊர்களுக்குச் சாலை தந்தது. 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை பின்னர்ப் பல மாநிலங்களுக்குப் பரவியது. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்காக ஊரெல்லாம் வண்டி தேடியலைந்த நிலை இதனால் பெரிதும் மாறியது. பீஹாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. எவருக்காகவும் காத்திராமல் தானே புறப்படும் வாகனம் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆட்டோக்காரரின் டெலிபோன் எண்ணும் இருக்கிறது.

ஆயினும் டெலிபோனில் வரும் "வருகிறேன்" என்ற சொல் எவ்வளவு உறுதியானது என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியிருக்கும் நம்மவர், இவ்வரலாற்றிலிருந்து சில எளிய பாடங்களைக் கொள்ளலாம். விடியற்காலை வண்டி வேண்டுமானால், அதே ஊரில் இரவு தங்கும் வண்டியையே அமர்த்த வேண்டும். பத்து மைலுக்கு அப்பாலிருந்து வர வேண்டிய வண்டிக்கு இரண்டு விடியல்கள் கூடிவர வேண்டும். ஒன்று வண்டிக்காரர் விழிப்பது, மற்றொன்று அவர் வந்து சேர்வது. பேச்சை முதல் நாள் மாலையில் நேரில் உறுதி செய்வது நலம். வருபவருக்கு இரவு விழிப்புக்குரிய கூலியை மனமுவந்து கொடுத்தல் வேண்டும். ரயில் நள்ளிரவு 12 மணிக்குப் பின் வருவதாயின் தேதி மாறிவிடும் என்பதை மறவாது, எந்த இரவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதுவும் அமையாவிட்டால், முதல் நாள் கடைசி பஸ்ஸில் ஜங்ஷனுக்குப் போய்த் தங்கிவிடுவதே சிறந்தது. நம் முன்னோர் கண்ட அந்த உபாயம் இன்றும் பொய்ப்பதில்லை.

இவை தனி மனிதர் செய்துகொள்ளத்தக்கவை. ஊருக்காகச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. இரவு தங்கும் பஸ் வரும் ஊராயின், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓர் அறையும், ஒரு மின்விசிறியும், சுத்தமான கழிப்பிடமும், குடிநீரும் கிராமப் பஞ்சாயத்து செய்து கொடுக்க வேண்டும் என்று நாம் கோரலாம். இதற்காகும் செலவு பெரிதன்று. அந்த ஊரின் மொழி நம் மொழியாக இல்லாதிருக்கலாம். அந்தக் காலை வண்டி நம் வண்டியுமாகும். அதில் போகும் மாணவியும் நோயாளியும் நம் அயலார். தங்குவதற்கு நல்ல இடம் இருக்கும் ஊரில் வண்டியை நிறுத்திவிட டிப்போவுக்கு ஒரு காரணம் குறைகிறது.

சராயின் காவலனும், பல்லக்குத் தூக்கிகளும், ஸ்டேஷன் கொட்டகையில் படுத்துக் கிடந்த மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளும், பஸ்ஸின் இருக்கைகளில் சுருண்டு படுக்கும் டிரைவரும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவர்கள். விடியற்காலைப் பிரயாணத்தின் பாரத்தை இவர்களுள் யார் சுமப்பது என்பதே ஒவ்வொரு காலத்திலும் எழுந்த கேள்வி. ஊருக்குப் பஸ் வசதி உண்டா என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அந்த பஸ் இரவில் எங்கே உறங்குகிறது, அதை ஓட்டுபவர் எங்கே உறங்குகிறார் என்றும் இனிக் கேட்கப் பழக வேண்டும். இவ்விரண்டுக்கும் நல்ல விடை கிடைக்கும் ஊரில், காலை 5 மணி ரயிலுக்குப் போக வேண்டியவர் முதல் நாள் இரவு தம் வீட்டிலேயே கண் அயரலாம்.